மலடி என்னும் சொல்லுக்கு ஆண்பால்



மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆண்பால், பெண்பால் சொற்களைக் கற்பிக்கும் பொழுதெல்லாம், பாடநூலில் இடம்பெறாத ஓர் இணைச்சொல் என் நினைவுக்கு வரும். தலைவன் – தலைவி, பாடகன் – பாடகி என்று வெண்பலகையில் எழுதுவேன். மலடன் – மலடி என்று எழுதுவதில்லை. மலடன் என்னும் சொல் அகராதியில் உண்டு. ஆயினும், அதனை எவரும் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. மலடி என்பதையோ சிறுவயது முதலே கேட்டு வந்திருக்கிறேன்.

எங்களுக்கு 2007-இல் திருமணம் நடந்தது. அப்பொழுது எனக்கும் என் துணைவியாருக்கும் வயது முப்பது. இரண்டு ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லை. "ஏதும் விசேஷம் உண்டா?" என்று உறவினர்கள் அவரிடமே கேட்டார்கள், என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. 2009-இல் அவர் மருத்துவரை நாடினார். பாலிக் புலாவிலிருந்து மலைப்பாதை வளைவுகளைக் கடந்து ஜார்ஜ்டவுனுக்கு நான்தான் காரோட்டிச் செல்வேன். அவர் உள்ளே செல்வார். நான் காரிலேயே அமர்ந்து மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, வயிற்றில் துளையிட்டு உள்ளே பார்க்கும் சோதனை என அனைத்தையும் அவர் தாங்கினார். முடிவுகள் யாவும் சீராகவே இருந்தன. கணவரும் வரவேண்டும் என மருத்துவர் பலமுறை சொல்லி அனுப்பினார். "எனக்கு என்ன குறை?" என்று கேட்டுவிட்டு, நான் அடுத்த புத்தகத்தைப் பிரித்தேன். தைப்பூசத்தில் பால்குடம் ஏந்தித் தண்ணீர்மலைப் படிகளை ஏறினேன். கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்துவந்த தம்பதியரைக் கண்டு கண்கலங்கினேன். ஆனால், ஒரு சிறு குப்பியில் விந்து மாதிரியைக் கொடுக்க மட்டும் என் தன்மானம் இடந்தரவில்லை.

2013-இல் உறவினர் வீட்டுப் பெயர்சூட்டு விழாவில், குழந்தையைத் தொட்டிலில் இடும் வேளையில், மூதாட்டி ஒருவர் என் துணைவியாரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் நான் அம்மூதாட்டியைக் கடிந்து பேசினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "அவங்கள விடுங்க. நீங்க ஒரு நாள் என்னோட உள்ள வாங்க, போதும்."

சென்றேன். மில்லிலிட்டருக்குக் குறைந்தது 15 மில்லியன் இருக்கவேண்டிய விந்தணுக்கள் எனக்கு நான்கு மில்லியன் மட்டுமே இருந்தன. (உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அக்கீழ்வரம்பை 16 மில்லியனாக்கியது.) ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை 1992 முதலே உலகில் உள்ளது என்று மருத்துவர் விளக்கினார். 2014-இலும் 2015-இலும் அதனை முயன்றோம். இரண்டும் கைகூடவில்லை. முப்பத்தைந்து வயதுக்குப் பின் பெண்ணின் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறையும். முன்னரே சென்றிருந்தால் குழந்தை பிறந்திருக்குமா என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆனால், அந்த நான்கு ஆண்டுகளை வீணாக்கியவன் நானே.

இதனை இளம் ஆசிரியர்களுக்காகவும், திருமண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லையெனில் மருத்துவரை நாடுங்கள். மனைவியின் வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவருக்கு இச்சிக்கல் நேர்வதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. குழந்தையில்லாத் தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் காரணமும் சேர்ந்தே இருக்கிறது. எனவே, கணவரின் பரிசோதனை முதலிலேயே நடைபெறட்டும். இரண்டு முதல் ஏழு நாள் உடலுறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

செலவை எண்ணித் தயங்குவோரும் உளர். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் குழந்தையின்மைக்கான ஆலோசனையும் சிகிச்சையும் வழங்குகிறது. 2020 முதல் கருத்தரிப்புச் சிகிச்சைச் செலவுக்கு வருமான வரிக் கழிவு உண்டு. சந்தாதாரர்கள் ஊழியர் சேமநிதியிலிருந்தும் இதற்குப் பணம் எடுக்கலாம். இவற்றுள் பின்னிரண்டு வசதிகளும் எங்கள் காலத்தில் இல்லை.

அண்மையில் எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர், மனைவியை மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டுவர வேண்டும், ஒரு மணி நேரம் தம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இயலுமா என்று தயங்கியபடி கேட்டார். "ஒரு மணி நேரம் போதாது தம்பி. விட்டுவிட்டு வராதீர்கள், நீங்களும் உள்ளே செல்லுங்கள்" என்றேன். அன்று பள்ளி முடியும்வரை அவருடைய வகுப்பையும் நானே பார்த்துக்கொண்டேன்.