ஓசையற்ற சக்கரங்கள்

நுழையும்முன்

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பில் பயிலும் அரசுப்பள்ளி மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் செல்ல உதவும் அந்த எளிய ஊர்தி, உலகின் பல பகுதிகளில் மலைக்காட்டுச் சரளைப்பாதைகளிலும் உலா வருகிறது. புகையும் இரைச்சலும் இல்லாத அப்பயணம் காட்டுக்கு உகந்ததுதானா? அஞ்செட்டி மலைக்காடுகளை முன்வைத்து அவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

இரு நிலங்களின் எல்லை

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஓசூர், இயந்திரங்களின் நகரம். சரக்குந்துகளும் இருசக்கர வண்டிகளும் அங்குள்ள தொழிற்சாலைகளில் உருப்பெற்று நாடெங்கும் செல்கின்றன. அந்நகரிலிருந்து தெற்கே தேன்கனிக்கோட்டையைக் கடந்து செல்லும் சாலை, சிறிது நேரத்திலேயே மேலகிரி மலைத்தொடரின் காடுகளுக்குள் நுழைகிறது. வளைந்து இறங்கும் அச்சாலை அஞ்செட்டியை அடைந்து, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லை நோக்கித் தொடர்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் இது. பெட்டமுகிலாளம் என்னும் மலையூரின் பெயரிலேயே, மலையைக் குறிக்கும் 'பெட்ட' என்னும் கன்னடச்சொல் கலந்திருப்பதைக் காணலாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் இம்மலைக்காடுகளில் 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 504 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயம் உருவானது. இது வடக்குச் சரணாலயத்தைக் கருநாடகத்தின் காவிரி வனவுயிரினச் சரணாலயத்தோடு இணைக்கிறது. யானை, சிறுத்தை, நாற்கொம்பு மான் முதலியவை இக்காடுகளில் வாழ்கின்றன. ஆற்றங்கரையின் நீர்மருத மரங்களில் நரை அணிலும், நீரில் நீர்நாயும் முதலையும் காணப்படுகின்றன. கேழ்வரகு முற்றும் பருவத்தில், பன்னேர்கட்டா முதலிய கருநாடகக் காடுகளிலிருந்து யானைக்கூட்டங்கள் சவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்து வருவது ஆண்டுதோறும் நிகழ்கிறது. மாநில எல்லைக்கோடு மனிதர் வரைந்தது; யானையின் வழித்தடம் அதற்கும் முந்தியது.

சரளையும் சக்கரமும்

மிதிவண்டிக்கும் காட்டுக்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. 1817ஆம் ஆண்டில் செருமனியின் மான்கைம் நகரில், மிதிகட்டை இல்லாத இருசக்கர வண்டியை ஓட்டிக்காட்டிய கார்ல் திரைசு, வனத்துறையில் அலுவலர் பதவி பெற்றிருந்தவர். காலால் தரையை உந்தி ஓட்டிய அவ்வண்டியே மிதிவண்டியின் முன்னோடி. 1888ஆம் ஆண்டில் பெல்பாசுட்டு நகரின் கால்நடை மருத்துவர் சான் பாய்டு டன்லப், தம் மகனின் முச்சக்கரவண்டி கற்பாதையில் அதிராமல் செல்லக் காற்றடைத்த இரப்பர் சக்கரத்தை உருவாக்கினார்.

இன்றைய சரளைப்பாதை மிதிவண்டி அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே. தார்ச்சாலைப் பந்தய வண்டியின் சக்கரம் மெலிந்து, காற்று இறுகி இருக்கும். சரளைப்பாதை வண்டியின் சக்கரமோ ஏறத்தாழ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுடையது. அதில் காற்றழுத்தமும் குறைவு. அழுத்தம் குறைந்த இரப்பர், கல்லின்மீது ஏறும்போது அதன் வடிவத்துக்கேற்பக் குழிந்து கொடுக்கிறது. அதனால் அதிர்வு குறைகிறது, பிடிமானம் கூடுகிறது. கல்லை எதிர்த்து நிற்பதைவிட அதற்கு இடம்கொடுத்துச் செல்வதே எளிது என்பது இச்சக்கரம் உணர்த்தும் பாடம்.

1997ஆம் ஆண்டில் இத்தாலியின் தசுக்கனிப் பகுதியில், பழைய வெண்சரளைப் பாதைகளைத் தார் மூடிவிடாமல் காக்கும் நோக்குடன் 'எரோய்க்கா' என்னும் மிதிவண்டிப் பயணம் தொடங்கப்பட்டது. மோட்டார் ஊர்திகளை விலக்கி மிதிவண்டிக்கு வழிவிடும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கிரேட் சுமோக்கி மலைத்தேசியப் பூங்காவில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதை ஒன்று, கோடைக்காலப் புதன்கிழமைகளில் நடப்போர்க்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் மட்டுமே உரியது. இராசத்தானின் பரத்பூர்ப் பறவைகள் பூங்காவில் மிதிவண்டியிலும் மிதிரிக்சாவிலும் சென்று பறவைகளைக் காண்கின்றனர். இயந்திர ஓசை விலகும்போது, அதுவரை கேளாதிருந்த காடு கேட்கத் தொடங்குகிறது.

நா கட்டிய மணி

காட்டுவழியில் ஓசையை அடக்கிச் செல்லும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான அகநானூற்றின் நான்காம் பாடலில், குறுங்குடி மருதனார் ஒரு முல்லைநிலக் காட்சியைக் காட்டுகிறார். வினைமுடித்துத் திரும்பும் தலைவன் தேரில் விரைகிறான். வழியிலோ பூத்த சோலைகளில் வண்டுகள் தத்தம் துணையோடு தங்கியிருக்கின்றன. தேர்மணியின் ஓசை அவற்றைக் கலங்கச் செய்யும் என அஞ்சி, அவன் மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். தன் துணையைக் காண விரைபவன், வண்டின் துணையையும் எண்ணிப் பார்க்கிறான். விரைவு அவனுடைய தேவை. அமைதி வண்டின் தேவை. இரண்டையும் ஒருங்கே காத்தது அவன் செயல்.

அந்த அறத்தின் சாயலை இன்றைய சட்டங்களிலும் காணலாம். பந்திப்பூர்க் காட்டுச்சாலையில் 2009ஆம் ஆண்டு முதல் இரவுநேர ஊர்திப் போக்குவரத்து தடை செய்யப்பட்டுள்ளது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் திம்பம் மலைப்பாதையில் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி இரவுநேரக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது.

ஓசையின்மையின் மறுபக்கம்

அவ்வாறாயின், ஓசையே எழுப்பாத மிதிவண்டிதான் காட்டுக்கு ஏற்ற ஊர்தி என முடிவுசெய்துவிடலாமா? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், காட்டுப்பாதையில் மிதிவண்டியில் விரைந்த ஒருவர், வளைவொன்றில் கரடியின்மீது மோதி, அதனால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். கரடிக்கும் அவருக்கும் ஒருவரையொருவர் உணர்ந்துகொள்ள ஓரிரு நொடிகளே கிடைத்தன. விரைவு, வளைவு, ஓசையின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது தப்பிக்க இருவர்க்கும் நேரமில்லை. நடந்து செல்பவரின் காலடியும் பேச்சும் விலங்குக்கு முன்னறிவிப்பாகின்றன. இறக்கத்தில் உருளும் மிதிவண்டியோ அறிவிப்பின்றி வந்து நிற்கிறது.

அஞ்செட்டிக் காட்டில் கரடியும் உண்டு; யானையும் உண்டு. யானைகள் மனிதச்செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் தமக்குள் உரையாடுகின்றன என்பதை 1984ஆம் ஆண்டில் கேட்டி பெய்ன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தார். மூங்கில் புதருக்கு அப்பால் ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருந்தாலும், மிதிவண்டியில் வருபவருக்கு அது பேரமைதியாகவே தோன்றும். காடு அமைதியாக இருக்கிறது என்று மனிதர் கருதுவது, பலவேளைகளில் தம் செவியின் எல்லையை மட்டுமே காட்டுகிறது.

இதனாலேயே உலகின் சில பாதுகாக்கப்பட்ட பகுதிகள் மிதிவண்டியையும் அனுமதிப்பதில்லை. 1914இல் நிறுவப்பட்ட சுவிட்சர்லாந்துத் தேசியப் பூங்காவில் நடைப்பயணிகளுக்கு மட்டுமே இடமுண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதை வரையறுக்கிறது. பொதுச்சாலை வழியே கடந்து செல்வோருக்குத் தடையில்லை. சாலையை விட்டு உட்காட்டுப் பாதையில் செல்வதற்கோ முறையான அனுமதி வேண்டும். ஓசையின்மை அனுமதிச்சீட்டு ஆகாது.

எவருடைய பாதை?

இன்னொரு கேள்வியும் எஞ்சியிருக்கிறது. ஓய்வுநாளில் மலைக்கு வரும் நகரத்தார்க்கு, ஊர்திகள் இல்லாத சரளைப்பாதை விடுதலையின் அடையாளம். மலைச்சிற்றூரில் வாழ்வோர்க்கு அதே பாதை, பேருந்து வாராத குறையின் அடையாளமாகவும் இருக்கலாம். மழைநாளில் நோயாளியை அழைத்துச் செல்வதும், இருட்டும் முன் பிள்ளைகள் வீடு திரும்புவதும் அப்பாதையைப் பொறுத்தவை. பயணி அழகு எனக் காணும் கரட்டு மேட்டை, அங்கு வாழ்பவர் தூரம் எனக் காண்கிறார். அவர்களுடைய தேவையை மறந்து பாதையின் அமைதியை மட்டும் போற்றுவது அரைப்பார்வையாகும். மருத்துவமும் பள்ளியும் சிற்றூரை எட்டவேண்டும்; யானையின் வழித்தடமும் துண்டுபடாமல் இருக்கவேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுவதே கடினமான பணி. தவிர்க்கமுடியாத பணியும் அதுவே.

பாதையின் அறம்

காட்டுச்சாலையில் மிதிவண்டி ஓட்டுவது தவறன்று. அளவறிந்து ஓட்டவேண்டும் என்பதே செய்தி. பகல்வெளிச்சத்தில் மட்டும் செல்லுதல், பொதுச்சாலையை விட்டு விலகாதிருத்தல், தனித்துச் செல்லாதிருத்தல், இறக்கத்தில் விரைவைக் கட்டுப்படுத்துதல், விலங்கைக் கண்டால் தொலைவிலேயே நின்று அது கடக்கும்வரை காத்திருத்தல், உணவையும் நெகிழிப்பையையும் விட்டுவராதிருத்தல் ஆகியன எளிய நெறிகள். வனத்துறையினர் ஒரு வழியை மூடினால் அது மூடப்பட்ட வழியே.

மிதிவண்டியின் கைப்பிடியிலும் ஒரு மணி உண்டு. சோலையில் அடங்கியிருக்க வேண்டிய அம்மணி, கண்ணுக்கு மறைந்த வளைவில் ஒலிக்கவேண்டியதும் ஆகும். முன்னது காட்டின் அமைதியைக் காக்கிறது. பின்னது காட்டுவிலங்கின் உயிரையும் மனித உயிரையும் காக்கிறது. எப்போது ஒலிப்பது, எப்போது அடங்குவது என்பதை முடிவுசெய்வது மணியன்று. அதன்மேல் இருக்கும் விரலும், அந்த விரலை இயக்கும் அறிவுமே. பதினாறு வயதில் ஒரு மிதிவண்டியைப் பெறும் மாணவர், அதனோடு சேர்த்துப் பெறவேண்டிய அறிவு அது.