வட்டம் பிடிபட்டால் ஆள் பிடிபடும்

ஒரு ஆளை ஒருமுறை வடிவாகக் கீறுவது பெரிய காரியமில்லை. கதையின் கடைசிக் கட்டத்திலும் அவரை அதே ஆளாகக் கீறுவதுதான் வேலை. சிறுவர் படக்கதைகளுக்காக நான் உருவாக்கிய கந்தப்பு வயலில் குனிவார், லான்ட்மாஸ்டர் ஓட்டுவார், பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவார். எங்கே நின்றாலும் பிள்ளைகள் அவரைக் கண்டவுடன் அடையாளம் பிடிக்கவேண்டும்.

கந்தப்புவுக்குத் தலை வட்டம், உடம்பு அடி பெருத்த முட்டை, மொத்த உயரம் மூன்று தலை. மனைவி பொன்னம்மாவுக்கு ஒடுங்கிய செவ்வகம், ஐந்து தலை உயரம். மீசையும் சால்வையும் பிறகு வரலாம். இந்த அளவுகள்தான் ஆள்.

முகம் திரும்பும்போதுதான் கை தடுமாறும். வட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, கண்மட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போடுவேன். முகம் வலப்பக்கம் திரும்பினால் நடுக்கோடு அந்தப் பக்கம் வளைந்து நகரும். மூக்கும் கூடவே போகும், அப்பக்கத்துக் கண் ஒடுங்கும். குனிந்தால் குறுக்குக்கோடு இறங்கிக் கீழ்நோக்கி வளையும், உச்சந்தலை கூடுதலாகத் தெரியும். தாளில் கிடப்பது வட்டமென்றாலும், பந்தென்று நினைத்தே கீறவேண்டும்.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. 1928இல் திரைக்கு வந்த மிக்கி மௌஸ் எப்பக்கம் திரும்பினாலும் காதிரண்டும் முழு வட்டமாகவே நிற்கும். நிசத்தில் எந்தக் காதும் அப்படி நிற்காது. ஆனால் அந்த வட்டங்களை விட்டால் மிக்கி இல்லை. கந்தப்புவின் குடுமியும் அப்படித்தான்: நேரே பார்த்தாலும் தலைக்கு மேலே உருண்டையாக எட்டிப்பார்க்கும்.

‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழை நடத்திய கார்ட்டூனிஸ்ட் சுந்தர் கீறிய சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் எங்கள் வீடுகளில் சொந்தக்காரர் மாதிரிப் பேசப்பட்டவர்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால்தான் அப்படி உறவு கொண்டாட முடியும்.

அதனால் முன், முக்கால், பக்கம், பின் என்று நான்கு நிலைகளை ஒரே தாளில் கீறி மேசைக்கு முன்னால் ஒட்டிவைப்பேன். அடுத்த கட்டத்துக்கு அளவெடுப்பது அதிலிருந்துதான். முந்தின கட்டத்தைப் பார்த்துக் கீறினால் சிறு பிசகுகள் சேர்ந்து, நாலாம் பக்கத்தில் கந்தப்புவின் தம்பி வந்து நிற்பார்.

கடைசிச் சோதனை, உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பிள்ளைகளிடம் காட்டுவது. பார்க்கிற பிள்ளை தயங்கினால், மீசையைப் பெருப்பிப்பதில்லை; அழிறப்பரை எடுத்து முட்டையின் அடியை இன்னும் அகலமாக்குவேன்.