தோளுக்கு அளவு, தொட்டிக்கு அளவு

கண்ணமங்கலம் கூட்ரோட்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடி. காலை ஏழு மணி. தெருக்கோடியில் பறை தொடங்கிவிட்டது. பாடை கட்டும் பெரியவர் நிமிரவில்லை. “பதினோரு மணிக்கு எடுக்கணும் தம்பி. பேசிக்கினே கட்றேன், கோச்சிக்காதே.”

பச்சை மூங்கில்தான் எடுப்பார். காய்ந்தது தோள் மாற்றும்போது படாரென்று முறியும். பச்சை வளைந்து கொடுக்கும். நீளவாட்டில் இரண்டு, குறுக்கே ஒற்றைப்படையில் துண்டுகள். நைலான் கயிற்றைத் தொடவே மாட்டார். வைக்கோலில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டிப் பிரி முறுக்குகிறார். அப்புறம் மேலே தேர். மூங்கிலின் தலையில் கத்தியை வைத்து ஒரு தட்டு. கணுக்கணுவாகப் பிளந்துகொண்டே போகிறது. பிளாச்சை முழங்காலில் வைத்து வளைக்கிறார். வளைவில் கணு வந்தால் அதைத் தள்ளிவிட்டு வேறு எடுக்கிறார். நானும் ஒன்றை வளைத்துப் பார்த்தேன். ஒடிந்தது. “கணுவுல புடிச்சிட்ட.”

தூரத்தில் ஜவ்வாது மலை தெரிகிறது, ஆனால் மூங்கில் யாரோ ஒருவர் கொல்லையிலிருந்து வந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலைச் சட்டம் மரக் கணக்கிலிருந்து நீக்கியது 2017-இல்தான். அதற்கு முன் நாலு மூங்கிலை வண்டியில் ஏற்றினாலே கேள்வி வரும் என்கிறார்.

இந்தப் பாடையை யாரும் சுமக்கப்போவதில்லை. தெருமுனையில் ‘சொர்க்க ரதம்’ நிற்கிறது. குட்டி யானைதான்: தொட்டியின் பக்கப் பலகைகளைக் கழற்றி, ஆங்கிள் கம்பியில் நாலு கால் பற்றவைத்து, மேலே தகரக் கூரை, சுற்றிலும் சீரியல் பல்பு. தொட்டி ஏழடி. “முன்னே நாலு ஆள் தோளுக்கு அளவெடுப்பேன். இப்ப இதுக்கு எடுக்கறேன்” என்று மூங்கில் நுனியை அரையடி நறுக்கினார்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலிருந்து உடலை வீடு சேர்க்க 155377-ஐ அழைத்தால் இலவச அமரர் ஊர்தி வரும். வீட்டிலிருந்து சுடுகாடு வரை இந்த ரதம். டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மெயின் ரோட்டில் திரும்பியதும் எதிரே வந்த வேலூர் பஸ் தானாகவே இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. பின்னால் லாரி ஏர்ஹாரனைத் தொடவில்லை. பைக்கில் வந்தவர் காலைத் தரையில் ஊன்றி, செருப்பைக் கழற்றினார். எங்கள் டிரைவர் ஒவ்வொருவருக்கும் ஜன்னலுக்கு வெளியே கையைத் தாழ்த்திக் காட்டினார். பின்னால் வண்டிகள் சேர்ந்ததும், ஆடுகிற பையன்களை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, லாரிக்கு வலது இண்டிகேட்டர் போட்டார். லாரி ஊர்ந்து கடந்தது.

ஊர்வலத்தைக் கடக்கையில் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று 1989-இன் சாலை விதிகளில் இருந்தது. அதைப் படித்த டிரைவரை நான் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 2019-இன் சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். எங்கள் டிரைவர் முன்பு தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். “உயிரோட இருக்கறவங்களுக்கு சைரன் போட்டும் வுடமாட்டாங்க சார்.”

மதியம் காலி வண்டியில் திரும்பினோம். முதல் டீக்கடையில், முன்னால் நிறுத்தாதீர்கள் என்றார்கள். அடுத்த கடையில் மாஸ்டரே இரண்டு கிளாஸை வண்டிக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே டிரைவர் இறங்கி, பம்பரில் சிக்கியிருந்த சாமந்தி மாலையைப் பிய்த்து ஓடையோரம் போட்டிருந்தார். மறுபடி ரோட்டில் ஏறும்போது பின்னால் ஒரு பஸ் காது கிழிய ஹாரன் அடித்தது. காலையில் ஒதுங்கி நின்ற அதே பஸ்ஸாகவும் இருக்கலாம். இவர் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் ஒடித்தார்.