அம்மாவுக்கு எதுக்கு இத்தனை வயர்?

பணி ஓய்வு பெற்ற மறுமாதம், பாட்டுக் கேட்க எனக்கென்று ஒரு நல்ல செட் வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். முப்பது வருடங்களுக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்து சேர்த்த பணத்தில் 80,000 ரூபாய் அதற்காக ஒதுக்கியிருந்தேன். அந்தப் பணத்தில் வளையல் வாங்குகிறேன் என்றிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆம்ப்ளிஃபயர் என்றதும் வீடே சிரித்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அங்கே ஒரு கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரத் தம்பி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்து என் மகனிடம் விளக்க ஆரம்பித்தார். "சார், மேடம் யூஸ் பண்றதுக்கு இதுதான் கரெக்ட். எல்லாம் ஒரே பாக்ஸ். வயரே கிடையாது. போன்ல தொட்டா பாடும்." நான் கேள்வி கேட்டாலும் பதில் மகனுக்குத்தான் போனது. பணம் கொடுக்கப்போவது நான் என்று மகன் சொன்ன பிறகும் அப்படித்தான்.

"அம்மா, உனக்கு எதுக்கும்மா இத்தனை வயரு? இதையே வாங்கிக்கோ" என்றான் மகன். அன்பாகத்தான் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டிப் பஸ் காரிமங்கலத்துக்கு வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தைதான் மனதில் ஓடியது. வயர்.

எனக்கு வயர் தெரியும். 1970-களில் எங்கள் அப்பா இந்த ஊரில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மலைக்கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் கட்டிய புனல் ஸ்பீக்கர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் நிற்கிற இடம் அந்தக் கடை. பத்து வயதிலேயே ஈயம் உருக்கி ஒட்டுவேன். எந்தக் கண்டன்சர் உப்பியிருக்கிறது என்று பார்த்ததும் சொல்வேன். ஸ்பீக்கரில் பிளஸ் எது, மைனஸ் எது என்று குழம்பினால், டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் ஒரு நொடி தொடச் சொல்வார் அப்பா. காகிதக் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். உள்ளே இழுத்தால் மாற்றிப் போட வேண்டும்.

"பாப்பா கை நடுங்காது. பெரியவன் கைதான் நடுங்கும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

நான் வயதுக்கு வந்ததும் பாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பொம்பளப் புள்ள கடையில உக்காந்தா நாலு பேரு என்ன பேசுவான்?" அப்பா எதுவும் சொல்லவில்லை. என் கை நடுங்காது என்று ஊருக்கே சொன்னவர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கடையும் கருவிப் பையும் அண்ணனுக்குப் போயின. பிறகு வாடகைக்கு யாரும் கூப்பிடாத காலம் வந்தது. அண்ணன் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தக் கடை ஒருநாளும் பிடித்ததில்லை. விருப்பம் என்ன என்று அவரையும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வருவோம். அதற்கு ஸ்ட்ரீமிங் பிரீஆம்ப் என்று பெயர். இணையத்திலிருந்து பாட்டை எடுத்துவரும் ஸ்ட்ரீமர், எண்களாக வரும் பாட்டை மின் அலையாக மாற்றும் டேக், சத்தத்தைக் கூட்டிக் குறைத்து அடுத்த கருவிக்கு அனுப்பும் பிரீஆம்ப் ஆகிய மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ஸ்பீக்கரை ஓட்டும் பலம் அதற்குக் கிடையாது. அதற்குத் தனியாகப் பவர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும், இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர் வேண்டும். ஆக, வயரே கிடையாது என்று அந்தத் தம்பி சொன்னது உண்மையில்லை.

இந்தத் துறையில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 'மனைவி ஏற்புக் காரணி' என்பார்கள். 1983-இல் அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் இதழில் அச்சேறிய சொல். கணவன் ஆசையாக வாங்கும் பெரிய ஸ்பீக்கரையும் தடித்த வயரையும் மனைவி எந்த அளவுக்குச் சகித்துக்கொள்வாள் என்பதற்கான அளவுகோலாம். சின்னதாக, அழகாக, வயர் தெரியாமல் இருந்தால் மதிப்பெண் அதிகம். அதாவது, கேட்பவன் ஆண். பெண் அந்த அறையைத் துடைப்பவள். அவளும் உட்கார்ந்து பாட்டுக் கேட்கக்கூடும் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் பொருள் வாங்கக் கூடாது. ஒற்றைப் பெட்டியில் உண்மையான வசதிகள் இருக்கின்றன. இடம் குறைவு, இணைப்புகள் குறைவு, தவறு நடக்கும் இடங்களும் குறைவு. ஒலியில் பெரிய குறை என்றும் சொல்ல முடியாது. டேக் சில்லுகள் இன்று அவ்வளவு மலிவாகவும் துல்லியமாகவும் வந்துவிட்டன. ஸ்பீக்கரும், அதை வைக்கும் அறையும்தான் கேட்பதில் பெரிய வித்தியாசம் செய்யும். காலையில் ஐந்து மணிக்கு அடுப்படியில் நின்று, எட்டு மணிக்குப் பள்ளிக்கு ஓடிய காலத்தில் யாராவது எனக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன். வசதி வேண்டும் என்று நினைக்கும் பெண்ணை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். நமக்கு என்ன வசதி என்பதை நம்மைக் கேட்காமலே முடிவு செய்வதில்தான் எனக்குச் சண்டை.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். எது எத்தனை வருடம் உழைக்கும்? நல்ல ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பராமரித்தால் இருபது, முப்பது வருடம் ஓடும். கண்டன்சர் போனால் மாற்றலாம். ஸ்ட்ரீமர் அப்படியில்லை. அதன் ஆயுள் செயலியின் கையில், கம்பெனியின் மனதில் இருக்கிறது. லாஜிடெக் நிறுவனம் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற தன் இசைக் கருவிகளின் தயாரிப்பை 2012-இல் நிறுத்தியது. அவற்றுக்கான இணையச் சேவையை 2024-இல் மூடியது. கருவிகளை இயக்கும் சர்வர் மென்பொருளின் நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், வாங்கியவர்களே அதைப் பேணி இன்றும் பாடவைக்கிறார்கள். பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சீக்கிரம் பழசாவதையும் நீண்ட நாள் உழைப்பதையும் ஒரே பெட்டியில் கட்டிப்போட வேண்டாம் என்று முடிவு செய்தேன். இது அப்பாவின் தொழில் ரகசியமும்கூட. ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், மைக், புனல் எல்லாம் அவரிடம் தனித்தனி. முகூர்த்த நேரத்தில் ஒன்று படுத்துவிட்டால் அதை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவார். பாட்டு நிற்காது.

இந்த முறை எஸ்.பி. ரோட்டுக்குத் தனியாகப் போனேன். சின்ன ஸ்ட்ரீமர் ஒன்று, பிரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று, அலமாரியில் வைக்கும் அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், வயர் ஒரு சுருள். பணத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போனது. ஒரு சால்டரிங் அயனும் வாங்கினேன். அது இப்போதைக்குத் தேவையே இல்லை. ஆனாலும் வாங்கினேன்.

வீட்டில் நானே இணைத்தேன். பாட்டு வந்தது, ஆனால் உயிரில்லை. மிருதங்கத்தின் கனம் காணோம். பாடகியின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து போனது. மகனுக்குப் போன் செய்தேன். "செட்டிங்ஸ்ல பார்த்தியாம்மா? ஒருவேளை பீஸே சரியில்லையோ? அப்பவே சொன்னேன்" என்றான்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். வயரின் இரண்டு இழையும் ஒரே நிறம். வலது ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து, ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளில் தொட்டேன். பிளஸ் என்று நான் மாட்டியிருந்த இழையில் பேட்டரியின் பிளஸ் பட்டதும் கூம்பு உள்ளே போனது. ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுத்தால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். தப்பு என்னுடையதுதான். இழைகளை மாற்றிப் போட்டேன். மிருதங்கம் வந்தது. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றது.

அன்று மாலை ஒரு மணி நேரம் கையில் கீரையோ விடைத்தாளோ இல்லாமல் உட்கார்ந்து கேட்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எண்ணிப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண் உள்ளூர் மகளிர் கல்லூரியில் படிக்கிறாள். சத்தம் கேட்டு வந்தவள், கடிகாரம் ஏன் நின்றுபோய் இருக்கிறது என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன்.

"நான் ஒரு தடவ செஞ்சு பாக்கட்டுமா டீச்சர்?"

ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி, வயரைக் கழற்றி, பேட்டரியை அவள் கையில் கொடுத்தேன்.