வேகத்தின் விலை

எங்கள் ஊர் கோபாலபுரம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலே, பொள்ளாச்சி செல்லும் சாலையில் இருக்கும் சிற்றூர். இங்கே நின்றால் கேரளம். சற்றே நடந்தால் தமிழகம். வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலையாளம், சந்தையிலே இரண்டும். தென்னையும் கறவை மாடுமே எங்கள் செல்வம். அத்தகைய ஊரிலிருந்து வந்த ஒருவன் மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நண்பர்கள் வியக்கக்கூடும். வியப்பதற்கு ஒன்றும் இல்லை. பந்தயம் எங்கள் சீமைக்குப் புதிதன்று. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலே ரேக்ளா வண்டி பூட்டாத தலைமுறை இல்லை. காளை நின்ற இடத்தில் எஞ்சின் வந்து நின்றது, அவ்வளவே.

பந்தயம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது எது? கொடி அசைகிறது; கார்கள் சீறிப் பாய்கின்றன; ஒருவன் கோப்பையைத் தூக்குகிறான்; கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் கூட்டம் கலைந்த பின்னர், கோப்பை பெறாதவர்கள் எப்படி வீடு திரும்புகிறார்கள்? ஒரு பருவம் முழுவதும் ஓடி முடித்தபின் அவர்கள் உடலில் என்ன மிஞ்சுகிறது, கையில் என்ன மிஞ்சுகிறது? இதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் சிறிது வரலாறு. நம் நாட்டு மோட்டார்ப் பந்தயத்திற்குத் தாய்வீடு என்று சொல்லத்தக்கது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. போர் விமானங்கள் ஓடிய தளத்தில் பந்தயக் கார்கள் ஓடத் தொடங்கின. வீட்டிலிருந்து புறப்பட்ட பியட் காரே சில மாற்றங்களுடன் பந்தயத்திலும் ஓடியது. பிறகு 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் எழுந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர்.

கோவையின் பங்கு இதில் சிறிதன்று. கரிவரதன் என்னும் பெருமகன் மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில் பந்தயக் கார் ஒன்றை 1988-இல் உருவாக்கினார். பார்முலா மாருதி என்பது அதன் பெயர். கோடீசுவரர் அல்லாத இளைஞனும் பந்தயத்தில் இறங்க அது வழி திறந்தது. 1995-இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இவை எல்லாரும் அறிந்த பெருமைகள். நான் சொல்லப் போவது பெருமையின் மறுபக்கம்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பொள்ளாச்சியில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஓட்டியது சலூன் கார்ப் பந்தயம். அமெரிக்காவில் ஸ்டாக் கார் என்கிறார்களே, அதற்கு உறவுமுறை என்று கொள்ளலாம். வெளியே பார்த்தால் கடைவீதியில் நிற்கும் கார்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் திடுக்கிடுவீர்கள். பின் இருக்கை இல்லை, விரிப்பு இல்லை, குளிர்சாதனம் இல்லை. எடையைக் குறைப்பதற்காக எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கார் உருண்டால் உயிரைக் காக்க இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு பற்றவைத்திருப்பார்கள். அந்தக் கூண்டுக்குள் ஒற்றை இருக்கை. அதிலே என் அண்ணன்.

நான் இளங்கலை மாணவனாக இருந்தபோது ஒரு பருவம் முழுவதும் அவருக்கு எடுபிடியாக இருந்தேன். டயர் உருட்டுவதும், காற்றின் அழுத்தம் பார்ப்பதும், கையில் கடிகாரத்துடன் சுற்று நேரம் குறிப்பதும் என் வேலைகள். வெள்ளியன்று பயிற்சி, சனியன்று தகுதிச் சுற்று, ஞாயிறன்று பந்தயம். திங்கள் காலை எட்டு மணிக்குப் பட்டறை திறந்தாக வேண்டும். ஊரார் காரைப் பழுது பார்த்தால்தான் தம் காரை ஓட்ட முடியும் என்பது அண்ணனின் நிலைமை. ஆகவே பந்தயக் காரின் வேலை எல்லாம் இரவு ஒன்பது மணிக்குமேல்தான். பருவம் தொடங்கிய இரண்டாம் மாதத்திலேயே அவர் கண்களுக்குக் கீழே கருமை படர்ந்துவிட்டது.

வெப்பத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பந்தய ஓட்டுநர் அணிவது தீப்பிடிக்காத தடித்த உடை. அதன் உள்ளே இன்னோர் உடை; முகத்தை மூடும் துணி; அதன்மேல் தலைக்கவசம்; கையுறை. முன்னே எஞ்சினின் கொதிப்பு. மேலே நம் நாட்டு வெயில். அமெரிக்காவின் ஸ்டாக் கார்களில் கோடைக் காலத்திலே உள்வெப்பம் 50 டிகிரி செல்சியசையும் கடக்கும் என்பார்கள். எங்களிடம் அளக்கும் கருவி இல்லை. ஆனால் ஒரு தராசு இருந்தது. தேங்காய்ப் பருப்பு நிறுக்கும் மேடைத் தராசு. விளையாட்டாக அண்ணனை அதில் ஏற்றி, பந்தயத்திற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பந்தயங்கள் முடிந்தபோது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. அத்தனையும் வியர்வை!

விளையாட்டு அன்றோடு போயிற்று. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் வற்றினாலே கவனம் தளரும் என்கிறது மருத்துவம். அண்ணனுக்கு அதைவிட அதிகம் வற்றியிருந்தது. அந்த நிலையில்தான் அவர் கடைசிச் சுற்றுகளை ஓட்டியிருக்கிறார். கடைசிச் சுற்றுகளில்தான் எல்லாரும் முந்தப் பார்ப்பார்கள். என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் ஐந்து சுற்றுகளின் நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, ஒரு கோட்டில் நிற்பனபோல் இருந்தன. பின் வந்தவை குடித்தவன் நடைபோல் தள்ளாடின. கார் மாறவில்லை, மனிதன் மாறியிருந்தான்.

அடுத்தது உறக்கம். தடத்தில் இடர் உண்டென்று எல்லாரும் அறிவர். அதற்காகக் கூண்டும் கவசமும் மருத்துவ வண்டியும் வைத்திருக்கிறார்கள். வீடு திரும்பும் சாலையில் இருக்கும் இடருக்கு யார் காவல்? இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பொள்ளாச்சிக்கு இரவு முழுவதும் பயணம். மூன்று நாள் வெயிலில் வெந்தவர், பந்தயக் காரை ஏற்றிய லாரியின் பின்னே தம் வேனை ஓட்டி வருவார். ஒருமுறை சேலத்தைத் தாண்டியதும், பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன், கண் மூடியிருந்தது. “அண்ணா!” என்று அலறினேன். விழித்துக்கொண்டார். வண்டியை ஓரங்கட்டி, முகத்தைக் கழுவிக்கொண்டு, “இதை உங்க அண்ணிகிட்டச் சொல்லாதே தம்பி” என்றார். நான் சொன்னேன். சொல்லாமல் இருப்பது அன்பாகாது என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது பணம். அண்ணி வைத்திருந்த கணக்குப் புத்தகத்தைப் போன்ற உண்மையான நூலை நான் என் படிப்பில் கண்டதில்லை. தென்னந்தோப்பில் ஒவ்வொரு வெட்டுக்கும் வந்த காய்களின் கணக்கு இடப்பக்கம். பந்தயச் செலவு வலப்பக்கம். ஒரு வெட்டுக் காய் ஒரு ஜோடி டயராயிற்று. இன்னொரு வெட்டு நுழைவுக் கட்டணமும் லாரி வாடகையும் ஆயிற்று. பருவத்தின் நடுவிலே எஞ்சினின் இணைப்புத் தண்டு ஒன்று முறிந்து, உருளைக் கட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த வாரம் வலப்பக்கத்தில் எழுதியதற்கு ஈடாக இடப்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. அண்ணியின் வளையல்கள் கூட்டுறவு வங்கிக்குப் போயின. அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. தொகையைக் கூட்டிக் கீழே இரண்டு கோடு போட்டார், அவ்வளவே. கடிந்து பேசியிருந்தால் அண்ணனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பருவம் முடிந்தபோது அண்ணன் பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் இருந்தார். கோப்பை இல்லை. வலக்கை விரல்கள் இரண்டு மாதம் மரத்துக் கிடந்தன. சோற்றுக் கவளம் நழுவி விழும், குழந்தைகள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

இது ஏதோ நம் ஏழ்மையால் வந்த துன்பம் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்டாக் கார்ப் பந்தயத்தின் தலைமை நிலையமான அமெரிக்காவைப் பாருங்கள். 1948-இல் தோன்றிய நாஸ்கார் அமைப்பின் முதன்மைத் தொடரில் இன்று பிப்ரவரி முதல் நவம்பர் வரை 36 பந்தயங்கள். வாரந்தோறும் ஓட்டம். அதற்குக் கீழே, சிற்றூர்த் தடங்களில், வார நாளில் பட்டறையிலோ பண்ணையிலோ உழைத்து வாரக் கடைசியில் ஓட்டுவோர் எண்ணற்றோர். அவர்களும் நம் அண்ணன்மாரே. நரேன் கார்த்திகேயனும் 2010-இல் அந்த நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் தடத்தில் முதல் பந்தயத்திலேயே பதின்மூன்றாம் இடம் பெற்றார். அவ்வாண்டு அத்தொடரின் மக்கள் விருப்ப ஓட்டுநர் என்று இரசிகர்களால் தேர்ந்தெடுக்கவும் பட்டார். ஒரு தமிழர்க்கு அந்நாட்டு மக்கள் அளித்த அன்பு அது.

அதே நாஸ்காரில் டேல் எர்ன்ஹார்ட் என்னும் பெருவீரர் 2001 பிப்ரவரி 18-இல் டேடோனாவில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். கழுத்தையும் தலையையும் தாங்கும் கருவியை எல்லாரும் அணிந்தே தீர வேண்டும் என்ற விதி அதன் பிறகே வந்தது. அவர் மகன் 2016-இல், மூளை அதிர்ச்சியின் விளைவால், பருவத்தின் பிற்பாதி முழுவதும் ஓட்டாமல் ஒதுங்கி நின்றார். காலில் கட்டுப் போட்டிருந்தால் ஊர் பார்க்கும். தலைக்குள் பட்ட அடியை யார் பார்ப்பது? ஆனாலும் அவர் “என்னால் இயலவில்லை” என்று ஒதுங்கினாரே, அந்தத் துணிவு முந்தும் துணிவைவிடப் பெரிது என்பேன்.

நம் நாட்டுத் துயரத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2023 ஜனவரி 8-ஆம் நாள், இருங்காட்டுக்கோட்டையில், சலூன் கார்ப் பந்தயத்தில், 59 வயதான மூத்த வீரர் கே. இ. குமாரின் கார் இன்னொரு காரில் உரசித் தடம் விட்டு விலகி, வேலியில் மோதிக் கவிழ்ந்தது. அவர் பிழைக்கவில்லை. அன்றைய மற்றப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே தடத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் உயிர் நீத்தான். அந்தோ! ஒரே ஆண்டில், ஒரே தடத்தில், ஒரு முதியவரும் ஒரு சிறுவனும்.

அந்த ஜனவரி மாதம் அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, பட்டறைக் கதவை அடைத்துக்கொண்டு நெடுநேரம் உள்ளேயே இருந்தார். அவர் ஓட்டுவதை நிறுத்தி அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நிறுத்தியது அச்சத்தால் அன்று, கடனால். கடன் தீர்ந்தபின் மீண்டும் ஓட்டலாம் என்ற ஆசை அவர் நெஞ்சின் ஒரு மூலையில் இருந்ததை நான் அறிவேன்.

இப்போது வீட்டிலே வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. அவர் மகனுக்கு வயது பதினைந்து. “நானும் ஓட்டுவேன்” என்கிறான். சென்ற விடுமுறையில் நான் ஊருக்குச் சென்றபோது, இதைப் பற்றித் திண்ணையில் பெரிய பேச்சு. பெரியம்மா வேண்டவே வேண்டாம் என்றார். அண்ணன் தலைகுனிந்து இருந்தார். எல்லாரும் அண்ணியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து உள்ளே சென்று, பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து மகன் மடியில் வைத்தார்.

“மொதல்ல இதைப் படி கண்ணு. உங்கப்பா ஒரு வருசம் ஓட்டுன கணக்கு. படிச்சுட்டு அப்பவும் ஆசை இருந்துதுன்னா, ஒரு பருவம் வேற ஒருத்தருக்கு டயர் உருட்டு. உங்க சித்தப்பன் உருட்டுனாப்பல. அப்பறம் வா, பேசலாம்.”

பையன் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான். முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஓடுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு. விலையை அறிந்து ஓட வேண்டும் என்பதே அண்ணியின் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

நண்பர்களே, வேகத்தை வெறுக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அண்ணன் வளைவில் திரும்பும் அழகை நான் கண்டிருக்கிறேன். அதைக் கண்டவன் வெறுக்க மாட்டான். ஆனால் வீரத்தைப் போற்றும் நாம், வீரனின் உடம்பையும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டாமா? தடத்தின் வாயிலில் ஒரு தராசு வைக்க எவ்வளவு செலவாகும்? பந்தயம் முடிந்த இரவு ஓட்டுநர்கள் படுத்துறங்க ஒரு கூடம் அமைக்க எவ்வளவு செலவாகும்? தலையில் அடிபட்டவன் “இயலவில்லை” என்று சொன்னால் அவனைக் கோழை என்று சொல்லாமல் இருக்கச் செலவே இல்லை. நம்மிடையே பொறியியல் பயில்வோர் இருக்கிறார்கள். மருத்துவம் பயில்வோர் இருக்கிறார்கள். எஞ்சினை எவ்வளவு நேரம் ஓட்டலாம், எப்போது எண்ணெய் மாற்றலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் அறிவு நமக்கு உண்டு. அதே கணக்கை மனிதனுக்கும் போட்டுத் தர யார் முன்வருவீர்கள்?