சபையின் தலைவர்

பதுளைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுப்போரும் தேவாலயம் செல்வோரும் ஒரே லயத்தில் உடன்பிறந்தாராய் வாழ்வதைக் காணலாம். மலைநாட்டில் 1854-ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்க் கூலி மிஷனுக்கு (பெயரே கசக்கிறது!) துரைமார் பொருளுதவினர். ஆயினும், சபைக்குத் தலைவர் துரையல்லர், குருவுமல்லர், கிறிஸ்துவே என்ற போதனை, கங்காணிக்கும் அஞ்சி வாழ்ந்தவனை எத்துணை நிமிர்த்தியிருக்கும்! சைவராகிய நாமும் இதனை மறுக்கோம்.

நம் தம்பி ஞானஸ்நானம் பெற்றபோது அன்னையார் மூன்று திங்கள் அவனுடன் பேசவில்லை. அவன் வாதாடவில்லை. அவர் நோயுற்ற நாளில் இரவெல்லாம் விழித்திருந்தான். இப்போது அவன் ஜெபிக்கையில் அடுப்படியில் ஓசை எழாது. திருநீற்றை மட்டும் அன்னையார் விடவில்லை.

"தலைவர் ஒருவரே என்றால், மனத்தை மாற்றுவதும் அவர் வேலைதானே?" என்று கேட்டோம்.

"அதனால்தான் அண்ணா, நான் அவசரப்படுவதில்லை" என்றான்.