காப்பீட்டைப் புதுப்பிக்க மறுத்தபோது



பிழைப்பின் நிமித்தம் ஊரைவிட்டு வந்து, பெருநகரத்தில் சொந்தமாக ஒரு சிறு வீட்டை வாங்கியவர்களுக்கு, அந்த வீடு எத்தனை ஆண்டுகளின் உழைப்பு என்பதை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஊரில் விற்ற காணி, மனைவியின் நகை, மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் வங்கித் தவணை ஆகிய எல்லாம் அந்த நான்கு சுவர்களுக்குள் இருக்கின்றன. அவ்வீட்டைக் காப்பீடு செய்திருப்போரில்கூட, புயல் சேதத்திற்கு இழப்பீடு பெற்ற பின்பு, "இனி உங்கள் பாலிசியைப் புதுப்பிக்க இயலாது" என்று நிறுவனம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தவர்கள் சிலரே. எங்களுக்கு அப்படி நேர்ந்தது. அதிலிருந்து நாங்கள் அறிந்துகொண்டவை உங்களில் ஒருவருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தோடு இதை எழுதுகிறேன்.

நாங்கள் நவி மும்பையில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். மொட்டைமாடியில் மழைநீர் ஒழுகாதிருக்க, இங்குள்ள வழக்கப்படி இரும்புச் சட்டம் அமைத்துத் தகரக் கூரை போட்டிருந்தோம். மும்பைத் தமிழர்கள் இதைப் 'பத்ரா' என்பார்கள். 2021ஆம் ஆண்டு மே 17 அன்று டவ்தே புயல் மும்பைக் கடலோரத்தை ஒட்டிச் சென்றது. அன்று இரவில்தான் அது குஜராத்தில் கரையைக் கடந்தது. ஆகிலும், பகலிலேயே கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதாகப் பதிவாயிற்று. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 230 மில்லிமீட்டர் மழை பெய்தது. பருவமழை தொடங்கும் முன்பே இப்படி ஒரு மழையை நாங்கள் கண்டதில்லை.

பிற்பகலில் எங்கள் பத்ராவின் ஒரு பாதி சட்டத்தோடு பெயர்ந்து, தண்ணீர்த் தொட்டியின்மேல் விழுந்து, மாடி அறையின் சன்னலை உடைத்தது. மழைநீர் அறைக்குள் புகுந்து மெத்தை, பீரோ, குளிர்பதனப் பெட்டி, சுவர்ப்பூச்சு யாவும் கெட்டன. காப்பீட்டு நிறுவனத்திற்கு மறுநாளே தெரிவித்தோம். ஊரடங்குக் காலமாகையால் சர்வேயர் முதலில் புகைப்படங்களைக் கேட்டார். பின்பு நேரில் வந்து பார்த்தார். தேய்மானத்தைக் கழித்து, ஜூலை முதல் வாரத்தில் ரூ.1,12,000 எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது. அதுவரை எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

பாலிசி ஆகஸ்டு 14 அன்று முடிய இருந்தது. ஜூலை கடைசி வாரத்தில் எங்கள் முகவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. "அண்ணாச்சி, கம்பெனிக்காரர்கள் உங்கள் வீட்டை இனிமேல் எடுக்க மாட்டோம் என்கிறார்கள்" என்றார். அதற்கு முந்தைய வாரம், ஜூலை 18 அதிகாலையில், செம்பூரிலும் விக்ரோளியிலும் கனமழையில் மண் சரிந்து வீடுகள் இடிந்து பலர் இறந்திருந்தார்கள். மழைக்காலத்தின் நடுவில், வங்கிக் கடன் இன்னும் பதினொரு ஆண்டு மீதியிருக்கையில், பாதுகாப்பில்லாமல் நிற்பது என்றால் என்னவென்று அன்று இரவு எங்களுக்கு விளங்கியது.

இவ்விடத்தில் நீங்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். உடல்நலக் காப்பீட்டில், முந்தைய ஆண்டு இழப்பீடு வாங்கினீர்கள் என்ற காரணத்திற்காக நிறுவனம் புதுப்பிக்க மறுக்க விதிகள் இடங்கொடுப்பதில்லை. வீட்டுக் காப்பீடு அப்படிப்பட்டதன்று. எங்கள் பழைய பாலிசி ஓராண்டு ஒப்பந்தம். புதுப்பிப்புப் பிரீமியத்தை ஏற்க நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று அதன் நிபந்தனைகளிலேயே அச்சிட்டிருந்தது. ஆகவே மறுப்பு என்பது நம்மேல் சாட்டப்படும் குற்றமன்று. இழப்பீடு கேட்டது நம் உரிமை. அடுத்த ஆண்டும் அதே இடர் வரக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டு விலகுகிறார்கள், அவ்வளவே. ஆனால் என்ன கணக்கு என்பதை நாம் அறிந்தால்தான் அதற்குப் பரிகாரம் தேட முடியும்.

ஆகையால் நாங்கள் முதலாவது செய்த காரியம், மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் தரும்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஆறாம் நாள் பதில் வந்தது. 'மாடியிலுள்ள தகரக் கூரையின் பொருத்துதல் உறுதியற்றது' என்று சர்வேயர் தம் அறிக்கையில் குறித்திருக்கிறார் என்பதே காரணம். தொலைபேசியில் கேட்டபோது பெருமூச்சாக இருந்தது, எழுத்தில் வந்தபோது ஒரு வேலையாக மாறிற்று. உடனே வெல்டரை அழைத்து, துருப்பிடித்த ஆணிகளையும் கொக்கிகளையும் மாற்றி, தூண்களைத் தளக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கினோம். ரூ.38,000 செலவாயிற்று. ஒரு கட்டடப் பொறியாளர் பார்வையிட்டுக் கடிதம் கொடுத்தார். பழைய நிறுவனம் அப்போதும் இணங்கவில்லை. வேறு நிறுவனத்தை நாட வேண்டியதாயிற்று.

வாசகர்களே, உண்மையான சோதனை அங்கேதான் இருந்தது. புதிய நிறுவனத்தின் முன்மொழிவுப் படிவத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. கடந்த ஆண்டுகளில் இழப்பீடு பெற்றதுண்டா? எந்த நிறுவனமாவது காப்பீடு தரவோ புதுப்பிக்கவோ மறுத்ததுண்டா? முகவர் பேனாவை என் கையில் கொடுத்து, "இரண்டுக்கும் 'இல்லை' என்று போட்டுவிடுங்கள் அண்ணாச்சி. வேறு கம்பெனிதானே, அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் கவலையைக் கண்டே சொன்னார். தேநீர் கொண்டுவந்த என் மனைவி, "தம்பி, மறுபடியும் கூரை பறந்தால், பொய் எழுதின இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் பணம் தருவார்களா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. காப்பீடு என்பது இரு தரப்பின் முழு நேர்மையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். நிறுவனம் முடிவெடுக்க முக்கியமான ஓர் உண்மையை நாம் மறைத்தால், அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கவும் பாலிசியை ரத்து செய்யவும் அவர்களுக்கு இடமுண்டு. மறைத்தது எப்போது வெளிப்படும்? பிரீமியம் கட்டும்போது அன்று, இழப்பீடு கேட்கும்போது. புதிய போல்ட்டுகளையும் பழைய நீர்க்கறையையும் கண்ட சர்வேயர், "இது எப்போது பழுது பார்த்தது?" என்று கேட்பார். ஆண்டுதோறும் பணம் கட்டியும் தேவையான நாளில் வெறுங்கையாய் நிற்பதைவிட, காப்பீடே இல்லாதிருப்பது மேல், பணமாவது மிஞ்சும்.

இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்றே எழுதினேன். உண்மைக்கு உடனே பலன் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். முதல் நிறுவனம் மறுத்தது. இரண்டாவது நிறுவனமும் மறுத்தது. நாட்காட்டியில் ஆகஸ்டு 14 நெருங்கியது. வெளியே மழை நிற்கவில்லை. மூன்றாவது நிறுவனத்திற்குப் படிவத்தோடு மறுப்புக் கடிதம், வெல்டரின் ரசீது, பொறியாளரின் கடிதம், பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள் ஆகிய யாவையும் இணைத்து அனுப்பினோம். அவர்கள் வந்து பார்த்து, தகரக் கூரையைக் காப்பீட்டு மதிப்பில் சேர்க்காமல், வீட்டையும் பொருட்களையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆகஸ்டு 12 அன்று பிரீமியம் கட்டினோம். முன்பைவிட ஏறத்தாழ எழுநூறு ரூபாய் கூடுதல். அடுத்த ஆண்டு சேதமின்றிக் கழிந்தபின், அதே நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தமாக எடுத்துக்கொண்டோம்.

இனி, உங்கள் பயனுக்காகச் சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், மண்சரிவு முதலியவற்றுக்கு இதில் பாதுகாப்புண்டு. நாட்பட்ட தேய்மானத்தால் வரும் கேட்டுக்கு இல்லை. கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தனிப்பட்டியல் இல்லாமலே பாதுகாப்பு கிடைக்கும். பத்தாண்டுகள் வரை ஒரே பாலிசியாக எடுக்கலாம். ஆண்டுதோறும் புதுப்பிப்புக்காகக் காத்திருக்கும் நிலை இதனால் நீங்குகிறது. வீடு நல்ல நிலையில் இருக்கும்போதே நீண்டகாலப் பாலிசி எடுப்பது நலம்.

இரண்டாவது, காப்பீட்டுத் தொகை என்பது வீட்டின் சந்தை விலையன்று, திரும்பக் கட்டுவதற்கான செலவு. 450 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு ரூ.2,000 கட்டுமானச் செலவு என்றால், தொகை 9 லட்சம். நிலத்தின் விலையைச் சேர்த்துப் பிரீமியம் கட்ட வேண்டாம்.

மூன்றாவது, பாலிசி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே விசாரியுங்கள். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, பிரீமியம் பெறப்படும் முன் நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை. "எல்லாம் ஆகிவிடும்" என்று முகவர் சொல்லும் வாய்ச்சொல் பாதுகாப்பு ஆகாது. வங்கிக் கடன் இருந்தால், கடன் ஒப்பந்தத்தில் காப்பீட்டு நிபந்தனை உண்டா என்று பார்த்து, பாலிசி மாறிய செய்தியை வங்கிக்கும் தெரிவியுங்கள்.

நான்காவது, நிறுவனத்தின் பதில் நியாயமற்றது என்று தோன்றினால், முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற இலவச எண்ணிலும் முறையிடலாம். இழப்பீட்டைத் தாமதித்தாலோ, குறைத்தாலோ, மறுத்தாலோ, நிறுவனத்திற்கு முறையிட்டு ஒரு மாதம் ஆகியும் தீராவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். நிறுவனத்தின் இறுதிப் பதிலிலிருந்து ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். மும்பை, புனே, பெங்களூரு, ஐதராபாத், டெல்லி, சென்னை உள்ளிட்ட நகரங்களில் இவ்வலுவலகங்கள் உள்ளன.

ஐந்தாவது, ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி, ரசீதுகள், சர்வேயரின் அறிக்கை, பழுதுபார்த்த செலவுச் சீட்டுகள், புகைப்படங்கள் யாவும் அதில் இருக்கட்டும். எங்களை மூன்றாவது நிறுவனம் ஏற்றுக்கொண்டது அந்தக் கோப்பினால்தான் என்பது என் எண்ணம். 'ஆம்' என்ற பதிலுக்கு அருகில், 'ஆனால் இப்படிச் சரிசெய்தோம்' என்ற சான்றும் இருந்தது.

பிரியமானவர்களே, ஒருமுறை மறுக்கப்பட்டீர்கள் என்பதற்காக வெட்கப்படவும் வேண்டாம், அதை மறைக்கவும் வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யுங்கள், படிவத்தில் உண்மையை எழுதுங்கள். அதனால் இரண்டு இடங்களில் கதவு மூடப்படலாம். ஆனால் திறக்கும் மூன்றாவது கதவுக்குள், கூரை பறக்கும் நாளிலும் உங்களைக் கைவிடாத ஒரு தாள் உங்களுக்காக இருக்கும்.